ஓய்வு பெற்றோர்க்கு மதுரை மலிவான ஊரோ?

பொருளீட்டும் பருவத்தில் எவ்வூரில் வேலை வாய்க்கின்றதோ அவ்வூரே நம்மூர் என்று வாழ்ந்து வருகின்றோம். வேலை நீங்கிய பின்னரோ, எவ்வூரிற் கைப்பொருள் நெடுநாள் நிற்குமோ அவ்வூரை மனம் நாடுகின்றது. இக்கல்லூரியிற் பயின்று, வடநாட்டிலும் கடல் கடந்த தேசங்களிலும் உத்தியோகம் பார்த்த பழைய மாணவர் பலர், ஒருவரையொருவர் சந்திக்கும்போது கேட்டுக் கொள்ளும் கேள்வி ஒன்றுண்டு. "முதுமையை மதுரையிற் கழிக்கலாமா? செலவு கட்டுமா? வரி எவ்வளவு?" என்பதே அது. மதுரை மலிவான ஊர் என்னும் பேச்சு நெடுநாளாய் வழங்கி வருகின்றது. அஃது எவ்வளவு உண்மை, யாருக்கு உண்மை என்பவற்றை நிதானமாய் ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கமாம். இளமாணவர் இதனைத் தமக்கு உரியதன்று எனத் தள்ளிவிட வேண்டா. அவர்தம் பெற்றோரின் கணக்கே இது.

வெயில் மிகுந்த நாட்டிற்கு முதியோர் குடியேறுவது நம்மிடையே மட்டும் காணும் வழக்கமன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கோடியிலுள்ள பிளாரிடா மாகாணத்திற்கு, வடபகுதியின் பனிக்கு அஞ்சிய முதியோர் ஆண்டுதோறும் திரளாய்ச் செல்கின்றனர். அங்கே மாகாண வருமான வரி கிடையாது. தனி மனிதரின் வருமானத்திற்கு அவ்வரி விதிக்கலாகாது என மாகாண அரசியல் சட்டமே தடுக்கின்றது. ஆயினும் சர்க்கார் வரியின்றி நடவாதன்றோ? அங்கே பொருள்களை விற்குமிடத்து நூற்றுக்கு 6 வீதம் மாகாணம் வரி கொள்கின்றது. வீட்டு வரியும், புயலுக்கு அஞ்சிச் செய்யும் வீட்டுக் காப்புறுதியும் வேறே இருக்கின்றன. ஒரு வாயிலை அடைத்தால் மற்றொரு வாயில் திறக்கப்படும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆதலின் ஓரூரின் செலவை அறிய விரும்புவோர் ஒரு வரியை மட்டும் நோக்கி முடிவு செய்தல் தகாது. எல்லா வாயில்களையும் சுற்றிப் பார்த்தல் வேண்டும்.

முதற்கண் வரவைப் பார்ப்போம். ஓய்வு பெற்றோர் என்னும் ஒரு சொல்லுக்குள் பல திறத்தார் அடங்குவர். முதலாவது திறத்தார், பழைய முறைப்படி உபகாரச் சம்பளம் பெறும் சர்க்கார் உத்தியோகஸ்தரும் ஆசிரியரும் ஆவர். இவர்களுக்கு விலைவாசி ஏறுந்தோறும் அகவிலை நிவாரணம் ஏறுகின்றது. தொழிலாளர்க்குரிய அகில இந்திய விலைவாசிக் குறியீட்டெண்ணைக் கொண்டு, ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், அந்நிவாரணம் கணக்கிடப்படுகின்றது. 2016-ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்ட அக்குறியீட்டெண்ணிற்கு இந்தியாவெங்கும் 88 இடங்களில் விலைகள் தொகுக்கப்படுகின்றன. அவ்விடங்களுள் நம் மதுரையும் ஒன்று. நம்மூர்க் கடைத்தெருவில் ஏறும் பருப்பு விலை, எங்கோ இருக்கும் உத்தியோகஸ்தரின் சம்பளத்திலும் ஓரணுவளவு கலக்கின்றது என்பது அறியத்தக்க செய்தி. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் வேலையிற் சேர்ந்தோர் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் வைக்கப்பட்டமையால், பழைய முறையாரின் தொகை ஆண்டுதோறும் அருகி வருகின்றது.

இரண்டாவது திறத்தார், ஆலைகளிலும் தனியார் நிலையங்களிலும் உழைத்தவர். ஹார்வி மில் என்று ஊரார் வழங்கிய மதுரா மில்லின் சங்கொலியைக் கேட்டே கடிகாரம் பார்த்த ஊர் நம்மூர். அத்தகைய தொழிலாளர்க்கு, வருங்கால வைப்பு நிதியோடு சேர்ந்த 1995-ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி ஓய்வூதியம் வருகின்றது. ஓய்வூதியத்திற்குக் கணக்கிடும் மாதச் சம்பளத்தை உழைத்த ஆண்டுகளாற் பெருக்கி, 70-ஆல் வகுத்தால் வருவது மாத ஓய்வூதியம். 2014 செப்டம்பரில் அச்சம்பளத்தின் மேல்வரம்பு ரூ. 6,500-இலிருந்து ரூ. 15,000 ஆக உயர்த்தப்பட்டது. அவ்வரம்பு முழுவதும் பெற்று 30 ஆண்டு உழைத்தவர்க்கும் ஏறத்தாழ ரூ. 6,430 தான் வரும். பழைய வரம்பில் பெரும்பகுதி உழைத்தவர்க்கு அதனினும் குறைவே. எவர்க்கும் ரூ. 1,000-க்குக் குறைதல் கூடாது என்னும் விதியும் அதே மாதத்தில் வந்தது. இவ்வோய்வூதியத்திற்கு அகவிலை நிவாரணம் இல்லை என்பதே இங்கு முக்கியமாய் நினைக்க வேண்டிய விஷயம்.

அதன் பொருள் யாது? விலைவாசி ஆண்டுக்கு நூற்றுக்கு 5 வீதம் ஏறுவதாகக் கொள்வோம். பதினான்கு ஆண்டுகளில் விலைகள் ஏறத்தாழ இருமடங்காகும். அறுபதாம் வயதில் ரூ. 6,000 பெறத் தொடங்கிய ஒருவர், எழுபத்து நான்காம் வயதிலும் அதே ரூ. 6,000 பெறுவார், ஆயினும் அதன் வாங்கும் ஆற்றல் பழைய ரூ. 3,000 அளவே இருக்கும். மருந்துச் செலவு மிகுங் காலத்தில் கைப்பொருள் பாதியாகிவிடுகின்றது. மூன்றாவது திறத்தாரோ, உழவரும் கூலியாளரும் சிறு கடைக்காரரும் போன்று எவ்வகைச் சம்பளமும் இல்லாதவர். இவர்களில் ஆதரவற்றோர்க்குச் சர்க்கார் அளிக்கும் முதியோர் உதவித் தொகை, 2023 ஆகஸ்டில் மாதம் ரூ. 1,000-இலிருந்து ரூ. 1,200 ஆயிற்று. ஆகவே மதுரை மலிவா என்று கேட்போரை நோக்கி, "நீவிர் எத்திறத்தார்?" என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டியதாகின்றது.

இனிச் செலவைப் பார்ப்போம். உணவைப் பொறுத்தவரை மதுரைக்கு இயற்கையே துணை நிற்கின்றது. பெரியாற்று நீரும் வைகை நீரும் பாயும் சோழவந்தான், வாடிப்பட்டி, மேலூர்ப் பகுதிகளில் நெல்லும் வாழையும் தென்னையும் விளைகின்றன. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துக் கரிசலும் செம்மண்ணும் பயறும் சிறுதானியமும் தருகின்றன. மாட்டுத்தாவணியிலும் பரவையிலும் பெருஞ்சந்தைகள் கூடுகின்றன. உழுதவரே நேரில் விற்கும் உழவர் சந்தை தமிழ்நாட்டில் முதன்முதலாகத் திறக்கப்பட்டது நம் மதுரை அண்ணா நகரிலேயாம். 1999 நவம்பர் 14-ஆம் தேதி அது நிகழ்ந்தது. இடைத்தரகர் இன்மையால் அங்கே கடைத்தெருவினும் விலை நயமாயிருக்கும். காலையில் நடைப் பயிற்சி செய்யும் முதியோர், திரும்புங்கால் பையிற் கீரையுடன் வருவதை நாம் நாடோறும் காண்கின்றோம். அரிசி அட்டை உடையோர்க்கு 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றி வழங்கப்பட்டு வருகின்றது. குளிர்காலத்திற்கென விறகும் கம்பளியும் தேட வேண்டாத சீதோஷ்ணமும் ஒரு சேமிப்பே.

ஆயினும் அச்சீதோஷ்ணமே மற்றொரு பக்கம் செலவு வைக்கின்றது. சித்திரை வைகாசியில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும் ஊரில், முதியோர்க்கு விசிறி மட்டும் போதாமற் குளிர்சாதனம் வேண்டியதாகின்றது. தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரு மாதத்திற்கு 100 யூனிட்டு மின்சாரம் கட்டணமின்றிக் கிடைத்து வருகின்றது. அதற்கு மேற்பட்ட கட்டணம் படிப்படியாய் ஏறுவது. இதில் ஒரு நுட்பம் உண்டு. அதனைப் பலர் அறியார். 2022 செப்டம்பரில் வெளியான பட்டியலை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இரு மாதத்தில் 500 யூனிட்டு வரை எரிப்போர்க்கு, இரண்டாவது நூற்றுக்கு யூனிட்டுக்கு ரூ. 2.25, அடுத்த இருநூற்றுக்கு ரூ. 4.50, அதற்கடுத்த நூற்றுக்கு ரூ. 6. இவ்வாறு 500 யூனிட்டுக்கு ரூ. 1,725 ஆகும். ஒரே ஒரு யூனிட்டு கூடி 501 ஆயினோ, ரூ. 2.25 என்னும் படி மறைந்து, 101 முதல் 400 வரை அனைத்தும் ரூ. 4.50 ஆகின்றது, 500-க்கு மேற்பட்ட அந்த ஒரு யூனிட்டுக்கு ரூ. 8. மொத்தம் ரூ. 1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை ரூ. 233 என்று சொல்லலாம்! பின்னர் வீதங்கள் சிறிது ஏறியிருப்பினும் படிகளின் அமைப்பு இதுவே. கோடையில் மின்கணக்கியை இடையிடையே நோக்கி வருதல் முதியோர்க்கு இலாபம் தரும் பழக்கமாம்.

தண்ணீரும் அத்தன்மையதே. 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையும், 1895-இல் முடிந்த பெரியாற்று அணையும் நகரின் தாகத்திற்கு ஆதாரம். நகரின் பழைய பகுதிகளிற் குழாய்நீர் வந்து சேர்கின்றது. புறநகரிலோ, மனை மலிவு என்று வாங்கி வீடு கட்டிய பின்னர், ஆழ்துளைக் கிணறு உப்பாகிப் போக, லாரித் தண்ணீரும் குடத் தண்ணீரும் விலைக்கு வாங்குவோர் பலர். கிராமப் பஞ்சாயத்தின் எல்லையில் வீட்டு வரி குறைவு என்பது மெய். குறைந்த வரி, குழாயும் சாக்கடையும் இல்லாமையின் மறுபெயராய் இருத்தலும் கூடும். ஆதலால் வீடு வாங்குவோர் கோடையில் ஒருமுறை அவ்விடம் சென்று, அண்டை வீட்டாரிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்டறிதல் நலம்.

இனி வரிகள். நம் நாட்டில் இவை மூன்று படியாக நிற்கின்றன. முதலாவது மத்திய சர்க்காருக்குரியது. வேளாண் வருமானம் நீங்கலான வருமானத்திற்கு வரி விதிக்கும் அதிகாரம் மத்திய சர்க்கார் ஒன்றற்கே உரியதாதலின், மதுரையில் வாழ்ந்தாலும் டில்லியில் வாழ்ந்தாலும் வருமான வரி ஒன்றே. பிளாரிடாவைத் தேடிச் செல்வதுபோல் வருமான வரிக்கு அஞ்சி மாகாணம் மாற வேண்டிய அவசியம் நம்மவர்க்கில்லை. 2025-26 நிதியாண்டிற்குரிய புதிய முறையில், ரூ. 12 லட்சம் வரை வருமானம் உடையோர்க்குக் கழிவின் மூலம் வரி இல்லாமற் போகின்றது. உபகாரச் சம்பளம் பெறுவோர்க்கு ரூ. 75,000 நிலைக்கழிவும் உண்டு. பழைய முறையை விரும்பி மேற்கொள்வோர்க்கு, அறுபது வயதாயின் ரூ. 3 லட்சமும் எண்பது வயதாயின் ரூ. 5 லட்சமும் வரிவிலக்கு வரம்பாம். புதிய முறை வயதை நோக்குவதில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர் பெரும்பாலோர்க்கு வருமான வரி ஒரு பாரமன்று என்று துணிந்து கூறலாம்.

ஆயினும் வருமான வரி செலுத்தாதவர் வரியே செலுத்தாதவர் ஆகார். 2017 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள சரக்கு சேவை வரி, சோப்பு வாங்கும் ஏழையிடமும் கொள்ளப்படுகின்றது. 2025 செப்டம்பர் 22-இல் அதன் படிகள் மாற்றப்பட்டபோது, தனி மனிதர் எடுக்கும் மருத்துவக் காப்புறுதிக்கும் ஆயுட் காப்புறுதிக்கும் முன்பிருந்த நூற்றுக்கு 18 வீத வரி நீக்கப்பட்டது. பல மருந்துகளின் வரியும் குறைந்தது. முதியோர்க்கு இது மெய்யான ஆறுதல். மற்றொரு சலுகை போயிற்று: ரயில் கட்டணத்தில் முதிய ஆடவர்க்கு நூற்றுக்கு 40-உம் மகளிர்க்கு 50-உம் இருந்த தள்ளுபடி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது.

இரண்டாவது படி மாகாணத்திற்குரியது. வீடு வாங்குவோர் இதனை ஒரே நாளிற் பெருந்தொகையாய் உணர்வர். கிரயப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7. பதிவுக் கட்டணம் 4 ஆக இருந்தது 2023 மார்ச் இறுதியில் 2 ஆகக் குறைக்கப்பட்டது. வீதம் குறைந்தது கண்டு மகிழ்ந்தவர், அதனோடு சேர்த்து மனையின் வழிகாட்டி மதிப்பு, 2017 ஜூனில் மூன்றிலொரு பங்கு குறைக்கப்படுவதற்கு முன்னிருந்த அளவிற்கு உயர்த்தப்பட்டதையும் கவனித்தல் வேண்டும். ரூ. 20 லட்சத்திற்கு 11 வீதம் ரூ. 2,20,000, ரூ. 30 லட்சத்திற்கு 9 வீதம் ரூ. 2,70,000. வீதத்தை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவர்.

மூன்றாவது படி ஸ்தல ஸ்தாபனத்திற்குரியது. 1866-இல் முனிசிபாலிட்டியாகவும் 1971-இல் மாநகராட்சியாகவும் ஆன நம் நகரம், அரையாண்டுக்கொருமுறை வீட்டு வரி கொள்கின்றது. 2008-க்குப் பின் 2022-இல் வந்த பொதுச் சீராய்வில், சென்னை நீங்கிய மாநகராட்சிகளில், 600 சதுர அடி வரையுள்ள குடியிருப்பு வீடுகளுக்கு நூற்றுக்கு 25, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேற்பட்டவற்றிற்கு 100 வீதம் வரி உயர்ந்தது. சிறு வீட்டிற்குச் சிறு உயர்வு என்னும் நீதி இதில் இருக்கின்றது. ஆயினும் வீட்டு வரி வீட்டை நோக்குமேயன்றி உடையவரின் கைப்பையை நோக்குவதில்லை. பாட்டனார் கட்டிய பெரிய வீட்டில் தனியே வாழும் விதவைத் தாயார்க்கும், அதே அளவு வீட்டில் பொருளீட்டும் மூன்று புதல்வரோடு வாழ்பவர்க்கும் வரி ஒன்றே. பிளாரிடாவில், சொந்த வீட்டிற் குடியிருப்போர்க்கு வரிக்குரிய மதிப்பு ஆண்டுக்கு நூற்றுக்கு 3-க்கு மேல் ஏறலாகாது என்னும் வரம்பு 1995 முதல் உண்டு. வருவாய் நிலைத்து நிற்க வரி மட்டும் தாவுதல் கூடாது என்பதே அதன் கருத்து. நம் நாட்டாரும் சிந்திக்கத்தக்க கருத்து இது. நம்மூரில் ஒரு சிறு சலுகை உண்டு: அரையாண்டின் முதல் மாதத்திற்குள், அதாவது ஏப்ரல் 30 அல்லது அக்டோபர் 31-க்குள் செலுத்துவோர்க்கு நூற்றுக்கு 5 ஊக்கத்தொகை, உச்ச அளவு ரூ. 5,000.

தொழில் வரி ஆண்டுக்கு ரூ. 2,500-க்கு மேற்படலாகாது என்பது அரசியல் சட்டத்தின் விதி. வேலை செய்யாத ஓய்வூதியர்க்கு அது கிடையாது. மீண்டும் ஒரு பள்ளியிலோ கடையிலோ சம்பளத்திற்கு அமர்ந்தால் வந்து சேரும். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்து கொள்ளப்படுகின்றது. 1948-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டத்திலிருந்து வந்த வழக்கம் இது. 2023 ஜூலையில் மதுரையிற் பெரியதோர் நூலகம் திறக்கப்பட்டுள்ளது. வரி கொடுத்தவர் அங்கே சென்று அமர்ந்து படித்தலே, கொடுத்ததைத் திரும்பப் பெறும் வழியாம்.

எல்லாவற்றினும் பெரிய செலவு ஒன்றை நாம் இதுவரை கூறாது விட்டோம். அது தன் வீட்டைப் பிள்ளைகளுக்கு எழுதி வைத்துவிட்டு, பின்னர் ஆதரவற்று நிற்பதனால் வரும் செலவு. நெருங்கிய உறவினர்க்குள் செட்டில்மெண்டுப் பத்திரத்திற்குத் தீர்வை குறைவு; 2023 ஜூலை முதல் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 1, உச்சம் ரூ. 40,000, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 1, உச்சம் ரூ. 10,000. தீர்வை குறைவென்று பலர் விரைந்து எழுதிவிடுகின்றனர். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. பேணுவதாக நிபந்தனையிட்டு அளித்த சொத்தை, பேணாதவிடத்து ரத்து செய்ய அதன் 23-ஆம் பிரிவு இடந்தருகின்றது. அந்நிபந்தனையைப் பத்திரத்திலேயே வெளிப்படையாய் எழுதுதல் வேண்டும். "பெற்ற பிள்ளையிடம் நிபந்தனையா?" என்று கூசுவோர் உளர். அன்புள்ள பிள்ளைக்கு அவ்வரி ஒரு தடையன்று. அன்பில்லாத பிள்ளைக்கு அதுவே கடிவாளம்.

மருத்துவத்தைப் பற்றிய மட்டில் மதுரை நற்பேறு உடையது. எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று முன்னர் வழங்கிய அரசு இராசாசி மருத்துவமனை தென் மாவட்டங்களுக்கெல்லாம் அடைக்கலம். கண் மருத்துவத்திலோ ஓர் ஓய்வூதியரே ஊருக்கு ஒளி தந்தார். மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவப் பேராசிரியராய் இருந்து 1976-இல் ஐம்பத்தெட்டாம் வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, அவ்வாண்டே பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992-இல் அதனைச் சார்ந்து தோன்றிய ஆரோலேப், கண்ணுக்குள் வைக்கும் வில்லையை இங்கேயே செய்து அதன் விலையை மிகவும் தாழ்த்தியது. கண்புரையால் இருண்டிருந்த எத்தனையோ முதியோர் இன்று கைச்செலவின்றியோ சிறு செலவிலோ பார்வை பெறுகின்றனர். ஓய்வு என்பது பெறுங்காலம் மட்டுமன்று, கொடுக்குங் காலமுமாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தொகுத்து நோக்குவோம். சொந்த வீடும் விலைவாசியோடு ஏறும் உபகாரச் சம்பளமும் உடையார்க்கு மதுரை மலிவான ஊரே. உணவும் மருத்துவமும் அருகில் உள்ளன. நேர்வரிகள் பெரும் பாரமல்ல. வாடகை வீட்டில் ஏறாத ஓய்வூதியத்தோடு வாழ்பவர்க்கோ, இவ்வூர் ஆண்டுக்காண்டு விலையேறிய ஊராகவே தோன்றும். அவர் வாழும் தெரு ஒன்றே; நகரங்கள் இரண்டு. ஆகவே மாணவ நண்பர்களே, முதற்சம்பளம் வாங்கும் நாளிலேயே முதுமைக்கென ஒரு சிறு பங்கை ஒதுக்குமின். பழைய மாணவப் பெரியோரே, ஊர் திரும்புமுன் வருவாய் ஏறுவதா நிற்பதா, வீட்டிற்குத் தண்ணீர் உண்டா, மருத்துவமனை எத்தனை தூரம் என்னும் மூன்றையும் எண்ணிப் பார்ப்பீராக. அதனோடு, அரையாண்டு வரிச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கவலையோடு நிற்கும் அண்டை வீட்டு முதியவர்க்கு அதனைப் படித்து விளக்கிச் சொல்ல ஒரு நாழிகை செலவிடுவீராயின், அதுவும் இக்கல்லூரி நமக்குக் கற்பித்த கல்வியின் பயனேயாம்.